அவர் ஆமென் சொல்லாத ஜெபம்

எங்கள் கோவிலில் ஜெபம் முடிந்துவிட்டது என்பது தெருவில் போகிறவர்களுக்கும் தெரிந்துவிடும். அந்த அக்காவின் ஆமென் அப்படிப்பட்டது. வில்லாபுரத்தில் அப்போது எங்கள் கோவில் ஒரு நீளமான ஓட்டுக் கட்டடம்தான். ஆண்களுக்கு ஒரு பக்கம் பெஞ்சு, பெண்களுக்கு ஒரு பக்கம் பாய். வாசலை ஒட்டிய கடைசிப் பாயில் அக்கா உட்காருவார். ஆஸ்பத்திரியில் ஆயா வேலை; ராத்திரி டூட்டி முடித்து நேரே கோவிலுக்கு வருகிறவர். பிந்தி வந்தாலும் யாரையும் தாண்டாமல் உட்காரத் தோதான இடம் அது. எனக்கு முன்னால் போய் உட்காரக் கூச்சம். அதனால் பல வருடங்கள் அவர் பக்கத்தில் நான்தான். அவர் சேலையில் பினாயில் வாடை அடிக்கும். அந்த வாடை இல்லாத ஞாயிறு எனக்கு ஞாயிறு மாதிரியே இருக்காது.

எதிரே டீக்கடை. கடைக்காரர் எங்கள் மதம் இல்லை. ஆனாலும் அக்காவின் ஆமென் கேட்டதும் பாலை அடுப்பில் ஏற்றிவிடுவார், இனிக் கூட்டம் வெளியே வரும் என்று. ஒருநாள், ஆராதனை நடத்துகிற உபதேசியார் ஒன்றன்மேல் ஒன்றாக ஜெபத்தை நீட்ட, பால் பொங்கி அடுப்பு அணைந்துபோனது. "ஏக்கா, எது கடைசி ஆமென்னு ஒரு சாடை காட்டப்படாதா?" என்று சண்டைக்கு வந்தார். "எனக்கே தெரியலண்ணே. உபதேசியாரு இஞ்சினை நிப்பாட்டினாத்தானே நான் எறங்க முடியும்?" என்றார் அக்கா.

அவர் ஆமென் சொன்ன பிறகுதான் நாங்கள் சொல்லுவோம். யாரும் வைத்த சட்டம் இல்லை. அவர் குரல் முதலில் விழும், எங்கள் குரல்கள் அதன்மேல் போய் விழும். அப்படியே பழகிவிட்டோம். கண்ணை மூடிக்கொண்டு வீட்டு அடுப்பைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தவர்களும் அவர் குரல் கேட்டுத் திடுக்கிட்டு ஆமென் சொல்லுவார்கள். நானும்தான்.

ஆனால் ஜெபத்தை முழுதாகக் காதில் வாங்காமல் அவர் ஆமென் சொல்லவே மாட்டார். ஒரு முறை வெளியூரிலிருந்து வந்த பிரசங்கியார் ஒருவர், பக்கத்துத் தெரு மாரியம்மன் கோவில் ஒலிபெருக்கி எரிந்து சாம்பலாகட்டும் என்று ஜெபித்தார். அக்கா வாயைத் திறக்கவில்லை. வெளியே வந்ததும் பிரசங்கியாரிடம் நேரே போனார். "ஐயா, அது வாடகை ஸ்பீக்கரு. எங்க தெருப் பையன் வட்டிக்கு வாங்கிப் போட்டிருக்கான். எரிஞ்சா சாமிக்கா நட்டம்?" என்றார். இன்னொரு முறை, ஒரு அம்மா தன் மகனுக்கு வேலை கிடைக்க வேண்டும், அதே வேலைக்கு மனுப் போட்ட எதிர்வீட்டுக்காரனுக்குக் கிடைக்கக் கூடாது என்று உருக்கமாக ஜெபித்தார். அக்கா, "முதப் பாதிக்கு ஆமென்" என்றார். அந்த அம்மா வெகுநாள் அவரோடு பேசவில்லை.

"ஏன்க்கா, எல்லாரும் சொல்றதுதானே, சொல்லிட்டுப் போக வேண்டியதுதானே?" என்று நான் கேட்டிருக்கிறேன்.

"நான் கைநாட்டுடி. ஆபீஸ்ல என்ன எழுதியிருக்குன்னு தெரியாமத்தான் ஒவ்வொரு மாசமும் பெருவிரலை உருட்டுறேன். அங்கதான் அப்படின்னா, ஆண்டவருக்கு முன்னாடியும் அப்படியா? ஆமென்னா அதுல எனக்கும் சம்மதம்னு அர்த்தம். காதுல விழாம எப்படிச் சம்மதிக்கிறது?"

அவரைப் பற்றி ஒன்று சொல்லச் சொன்னால் நான் இதைத்தான் சொல்லுவேன். மற்றதெல்லாம் இதிலிருந்துதான் வந்தது.

மதுவிலக்கு இருந்த வருடங்கள் அவை. எங்கள் பக்கத்தில் சாராயம் யார் காய்ச்சினார்கள், யார் விற்றார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும். எல்லாவற்றுக்கும் மேலே ஒருவர் இருந்தார். அவரைத் தலைவர் என்றுதான் சொல்லுவோம். வெள்ளை வேட்டி, நெற்றியில் சந்தனம், யாரைக் கண்டாலும் முதலில் அவரே கும்பிடுவார். சாவு வீட்டுக்குப் பந்தல் போட்டுக் கொடுப்பார், பெண்பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடப் பை வாங்கிக் கொடுப்பார். ஒரு வருடம் அவருடைய கொட்டகைச் சரக்கைக் குடித்த ஆட்கள் கும்பல் கும்பலாக விழுந்தார்கள். மூட்டை தூக்குகிறவர்கள், ரிக்சா இழுக்கிறவர்கள், மில்லில் ஷிப்டு முடித்து வந்தவர்கள். ஆஸ்பத்திரி வராந்தாவில் பாய் போடவும் இடமில்லை என்று அக்கா சொன்னார். செத்தவர்கள் போக, பிழைத்தவர்களில் பலருக்குக் கண் போய்விட்டது. வழக்கு வந்தது. தலைவரின் லாரி ஓட்டுகிறவன் ஜெயிலுக்குப் போனான். தலைவர் மாலை போட்டுக்கொண்டு தேர்தலுக்கு நின்றார்.

இதில் எங்கள் சபைக்கு என்ன வந்தது என்று கேட்கலாம். எங்களுக்குக் கல்லறைத் தோட்டம் இல்லை. கண்மாய்க் கரையோரம் ஒரு புறம்போக்கு நிலத்தில் புதைத்துக்கொண்டிருந்தோம். பக்கத்து வயல்காரர்கள் ஒவ்வொரு சாவுக்கும் வந்து மறிப்பார்கள். என் இரண்டாவது பிள்ளை முகம் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்த நேரத்தில் காய்ச்சலில் போய்விட்டது. அன்றைக்கும் மறித்தார்கள். என் கணவர் பிள்ளையைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு வரப்பிலேயே உட்கார்ந்திருந்தார். வெயில் சாய்ந்த பிறகுதான் விட்டார்கள். அந்த நிலத்துக்குப் பட்டா வாங்கித் தருகிறேன், சுற்றுச்சுவர் கட்டித் தருகிறேன் என்றார் தலைவர். சபை ஓட்டு மொத்தமும் தனக்கு வர வேண்டும் என்றார்.

அதோடு சபை இரண்டானது.

சபைக் கமிட்டி செக்ரட்டரி அண்ணன் மில்லில் கிளார்க். நன்றாகப் பேசுவார். "கடவுளை அறியாத ஒரு ராசாவை வச்சுத்தான் அந்தக் காலத்துல இடிஞ்சு கெடந்த ஆலயத்தைக் கடவுள் கட்டுனாரு. ஆளோட குணமா நமக்கு முக்கியம்? காரியம் நடக்கணும்" என்றார். பெஞ்சிலிருந்து தையல்கார அண்ணன் எழுந்து, "அந்த ராசா சாராயம் வித்தானாய்யா?" என்று கேட்டார். சிரித்தவர்கள் ஒரு பக்கம், முறைத்தவர்கள் ஒரு பக்கம். அதற்கடுத்த வாரமே பாயில் உட்காருகிற வரிசை மாறியது. ஆண்டாண்டாக ஒரே பாயில் தோள் இடித்துக்கொண்டு உட்கார்ந்த நாத்தனாரும் மதினியும் நடுவே ஒரு பாயை விட்டு உட்கார்ந்தார்கள்.

என் வீட்டிலும் இதே கதைதான். "நம்ம பிள்ளை கெடக்குற இடத்துக்குச் சுவர் வேணாமா ஒனக்கு?" என்றார் என் கணவர். நான் என்ன பதில் சொல்ல? எனக்கும் வேண்டும். நாய் தோண்டுகிற நிலம் அது. அக்காவிடம் போய் அழுதேன்.

"சுவர் வேணும்டி. வேணாம்னு யாரு சொன்னா?" என்றார். "அது கவர்மெண்டு நெலம். குடுக்க வேண்டியது ஆபீசரு. என்னமோ அந்தாளு தன் வீட்டுக் கொல்லையைப் பிச்சுக் குடுக்கிற மாதிரில்ல பேசுறாங்க. மனு எழுதிக்கிட்டு அம்புட்டு பேரும் போய் ஆபீஸ் வாசல்ல உக்காரச் சொல்லு. முத ஆளா நான் வாரேன்."

இதை நான் என் கணவரிடம் சொன்னேன். அவர் செக்ரட்டரியிடம் சொன்னார். "நடக்குற காரியமாச் சொல்லச் சொல்லுங்க" என்று சிரித்துவிட்டார் செக்ரட்டரி.

எனக்குத் தலைவர்மேல் அவ்வளவு ஆத்திரம் வரவில்லை. அவர் எல்லாத் தெருவிலும் செய்ததைத்தான் எங்கள் தெருவிலும் செய்தார். குடிக்கிறவனைக் கோவில் படி ஏறவிடக் கூடாது என்று வருடாவருடம் தீர்மானம் போட்ட எங்கள் ஆட்கள், காய்ச்சினவருக்கு நாற்காலி தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அதைத்தான் இன்றைக்கும் என்னால் விழுங்க முடியவில்லை.

நாற்காலி போட்டது அறுப்பின் பண்டிகை அன்றைக்கு. வருடத்துக்கு ஒருநாள், வீட்டில் விளைந்ததை, வளர்த்ததைக் காணிக்கையாகக் கொண்டுவந்து வைப்போம். பூசணிக்காய், முருங்கைக்காய், சேவல், முட்டை, முறுக்கு என்று குவிந்துகிடக்கும். ஆராதனை முடிந்ததும் வெளியே மரத்தடியில் ஏலம் நடக்கும். அந்த வருடம் தலைவர் சிறப்பு விருந்தாளி. பலிபீடத்துக்கு நேர் முன்னால் நாற்காலி. அவர் செருப்பைக் கழற்றிவிட்டு, சந்தன நெற்றியோடு, கையைக் கட்டிக்கொண்டு பவ்யமாக உட்கார்ந்திருந்தார். அதையும் சொல்லத்தான் வேண்டும், எங்கள் ஆட்களில் பலபேரைவிடப் பவ்யமாக உட்கார்ந்திருந்தார்.

செக்ரட்டரி கண்ணைக் காட்ட, உபதேசியார் ஜெபத்துக்கு எழுந்தார். அவர் பாவம், கோவில் வளாகத்திலேயே ஒரு அறையில் ஆறு பேர் குடும்பத்தை வைத்திருந்தவர். கமிட்டி சொன்னதை மீற அவரால் முடியாது. "இந்த உத்தமமான மனுஷனை எங்களுக்குத் தந்ததற்காக ஸ்தோத்திரம். இவருடைய கைகளை ஆசீர்வதியும். இவருக்கு வெற்றியைக் கட்டளையிடும்" என்று ஜெபித்து முடித்தார்.

ஆமென் வரவில்லை.

மின்விசிறி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. காணிக்கைக்கு வந்த சேவல் ஒன்று கொக்கரித்தது. நான் ஓரக்கண்ணால் பார்த்தேன். அக்கா கண்ணை மூடி, உதட்டை மூடி உட்கார்ந்திருந்தார். அவர் குரல் விழாததால் யார் குரலும் விழவில்லை. தலைவருக்கு ஓட்டுப் போடுகிறவர்களும் அக்காவின் ஆமெனுக்குக் காத்துக்கொண்டு வாயைப் பாதி திறந்தபடி இருந்தார்கள். உபதேசியார் தான் இன்னும் முடிக்கவில்லை போலிருக்கிறது என்று குழம்பி, மறுபடி ஆரம்பித்து, தலைவரின் குடும்பத்தையும் சேர்த்து ஆசீர்வதித்து, மறுபடி முடித்தார். மறுபடி அதே அமைதி. பிறகு செக்ரட்டரி மட்டும் தனியாக, "ஆமென்" என்றார்.

தலைவர் திரும்பி அவரைப் பார்த்து, "முடிஞ்சிருச்சாண்ணே?" என்று கேட்டுவிட்டு எழுந்து எல்லாரையும் கும்பிட்டார். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. எங்களுக்கு விளங்கிவிட்டது.

அன்று மாலையே செக்ரட்டரி அக்கா வீட்டுக்கு வந்தார். நான் அங்கே அரிசி புடைத்துக்கொடுத்துக்கொண்டிருந்தேன். அக்காவின் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை பேரையூர்ப் பக்கத்துப் பள்ளிக்கூட வாத்தியார். எங்களில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு ஓலை வாசிக்க வேண்டும். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் திருமணம், தடை இருந்தால் சொல்லுங்கள் என்று பெண் வீட்டுக் கோவிலிலும் மாப்பிள்ளை வீட்டுக் கோவிலிலும் வாசிப்பார்கள். வாசித்ததற்குச் சீட்டு கொடுத்தால்தான் எந்தக் கோவிலிலும் தாலி கட்ட முடியும். அக்காவின் கணவர் பஞ்சுத் தூசியில் நெஞ்சு கெட்டுச் செத்துப்போனவர். அந்த ஒரே மகளுக்காகத்தான் அவர் ராத்திரி டூட்டி கேட்டு வாங்கிப் பார்த்தார்.

"அக்கா, கமிட்டி கூடுச்சு" என்றார் செக்ரட்டரி. "வர்ற ஞாயித்துக்கிழமை உபதேசியாரு அதே ஜெபத்தைப் பண்ணுவாரு. நீங்க எந்திரிச்சு நின்னு ஆமென் சொல்லணும். சொன்னா அன்னைக்கே மொத ஓலை. இல்லேன்னா ஓலை இல்ல."

"தம்பி, எம் மகளுக்கும் உங்க எலெக்சனுக்கும் என்ன சம்பந்தம்?"

"சபைக் கட்டுப்பாடுன்னு ஒண்ணு இருக்குல்ல?"

அவர் போனதும் மகள் அழுதாள். "ஒரு வார்த்தைதானேம்மா. சொல்லித் தொலையேன். ஊரே என்னயப் பார்த்துச் சிரிக்கப்போகுது."

அக்கா முறத்தை என் கையிலிருந்து வாங்கி அவரே புடைக்க ஆரம்பித்தார். ஏற்கெனவே புடைத்த அரிசி அது.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளையின் அம்மா பேரையூரிலிருந்து வந்திருந்தார், முதல் ஓலையைக் காதால் கேட்க வேண்டும் என்று ஆசைப்பட்டு. காதில் பாம்படம் ஆட, கடைசிப் பாயில் எனக்கும் அக்காவுக்கும் நடுவே உட்கார்ந்தார். உபதேசியார் அந்த ஜெபத்தைப் பண்ணினார். தலைவர் இல்லை, ஆனால் ஜெபத்தில் ஒரு வார்த்தையும் குறையவில்லை. அக்கா எழுந்து நின்றார். சபை மொத்தமும் திரும்பிப் பார்த்தது. வாசல் நிலையை ஒரு கையால் பிடித்துக்கொண்டுதான் நின்றார். அவரும் பயந்தவர்தான்.

"ஐயா" என்றார். "நல்லாத்தான் ஜெபிச்சீங்க. ஆனா அதுல வார்டுல செத்தவங்க இல்ல. கண்ணு போனவங்க இல்ல. அவங்களையும் சேத்து, இந்தாளு செஞ்சதை இந்தாளே ஒத்துக்கிடணும்னு ஜெபிங்க. வெற்றியையும் சேத்தே கேளுங்க. தெருவுக்குக் கேக்குற மாதிரி ஆமென் சொல்றேன்."

உபதேசியார் தலையைக் குனிந்துகொண்டார். செக்ரட்டரி, "உக்காருங்கக்கா, போதும்" என்றார். அன்றைக்கு வேறு இரண்டு ஜோடிகளுக்கு ஓலை வாசித்தார்கள். இந்த ஜோடி பெயர் வரவில்லை.

வெளியே மரத்தடியில் சம்பந்தியம்மா பிடித்துக்கொண்டார். "என்ன மதினி இது? எம் மகன் கல்யாணத்தை இப்படி அந்தரத்துல தொங்கவிட்டுட்டீகளே. அந்தாளு உங்களுக்கு என்ன கெடுதல் செஞ்சாரு?"

"எனக்கு ஒண்ணும் செய்யல."

"பெறகு?"

"கண்ணு போன ஒரு பயலுக்கு நான்தான் கஞ்சி ஊட்டுனேன், மதினி. உங்க மகன் வயசுதான் இருக்கும். மத்தியானம் வெயிலு சன்னல் வழியா அவன் மூஞ்சியிலேயே அடிக்குது. விடிஞ்சிருச்சா, விடிஞ்சிருச்சான்னு கேட்டுக்கிட்டே கெடந்தான். இன்னும் இல்லய்யா, இன்னும் இல்லய்யான்னு சொன்னேன். அவன் போற வரைக்கும் அதைத்தான் சொன்னேன். அந்தக் கையை ஆசீர்வதியும்னு எந்த வாயால சொல்லுவேன்?"

சம்பந்தியம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "எங்க கோவில் ஓலையையும் அதுவரைக்கும் நிப்பாட்டி வைக்கச் சொல்றேன். எம்புட்டு நாளு ஆனாலும் எம் மகன் வேற வீட்டு வாசப்படி மிதிக்க மாட்டான்" என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்குப் போனார்.

தேர்தலில் தலைவர் ஜெயித்தார். பட்டாவும் வந்தது. சுவரும் வந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் பொய்யாகிவிடும். சுவரில் பதித்த கல்லில் தலைவர் பெயர் பெரிதாகவும் எங்கள் ஆண்டவர் பெயர் சிறிதாகவும் இருந்தது. என் பிள்ளை இன்றைக்கும் அந்தச் சுவருக்கு உள்ளேதான் இருக்கிறது. நான் போகும்போதெல்லாம் அந்தக் கல்லைத் தாண்டித்தான் போகிறேன். ஒவ்வொரு முறையும் நிம்மதியும் எரிச்சலும் சேர்ந்தே வருகின்றன. "பாத்தியா, அக்கா பேச்சைக் கேட்டிருந்தா இது கெடச்சிருக்குமா?" என்று என் கணவர் கேட்டார். ஆபீஸ் வாசலில் உட்கார்ந்து பார்த்திருந்தால் கிடைத்திருக்குமோ என்னவோ. யாரும் உட்கார்ந்து பார்க்கவில்லையே.

அதற்குப் பிறகு செக்ரட்டரி ஒருநாள் பூவும் பழமுமாக அக்கா வீட்டுக்கு வந்தார். முகமெல்லாம் சிரிப்பு. அன்றைக்கும் நான் இருந்தேன்.

"அக்கா, பழசெல்லாம் விடுங்க. சபை உங்களை மன்னிச்சிருச்சு. தலைவர்கிட்டயும் உங்க வீட்டுக் கஷ்டத்தைச் சொன்னேன். எம்புட்டுப் பெரிய மனசு தெரியுமா? கல்யாணத்துக்குத் தானே வந்து தலைமை தாங்குறேன்னுட்டாரு. மாலையை அவரே எடுத்துக் குடுப்பாரு. பந்தல், மைக் செட்டு, சாப்பாடு எல்லாம் அவரு செலவு. வர்ற ஞாயிறே மொத ஓலை வாசிக்கிறோம். என்ன சொல்றீங்க?"

அக்கா ஒன்றும் சொல்லவில்லை. அவரை உற்றுப் பார்த்தார், அவ்வளவுதான். செக்ரட்டரி கொஞ்ச நேரம் காத்திருந்தார். பிறகு, "சந்தோசத்துல பேச்சே வரல போல" என்று என்னைப் பார்த்துச் சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

மூன்று ஞாயிறு எங்கள் கோவிலில் ஓலை வாசித்தார்கள். பேரையூரிலும் வாசித்தார்கள். யாரும் தடை சொல்லவில்லை. உபதேசியார் சீட்டை எழுதி அக்கா கையில் கொடுத்தார். அதற்குள் செக்ரட்டரி சிம்மக்கல்லில் ஒரு பிரஸ்ஸில் பத்திரிகை அடித்துக் கொண்டுவந்து இறக்கினார். தலைவர் படம் மேலே, பெயர் கொட்டை எழுத்தில். பொண்ணு மாப்பிள்ளை பெயர் கீழே எறும்பு ஊர்கிற மாதிரி. மறுநாள் தலைவரின் ஆள் ஒருவன் வந்து, சுவரொட்டி அடிக்க வேண்டும், பொண்ணு போட்டோ வேண்டும் என்றான். தலைவர் ஆசி கொடுக்கிற மாதிரியும் பொண்ணு கும்பிடுகிற மாதிரியும் போடுவார்களாம்.

அவன் போன பிறகு மகள் பத்திரிகையைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். "ஒரு வார்த்தைதானேன்னு சொன்னேன்ல அம்மா" என்றாள். "இப்ப எம் மூஞ்சியையே கேக்குறாங்க. அந்தாளு தொட்ட மாலை எனக்கு வேணாம்."

"நானும் அதைத்தான் யோசிச்சுக்கிட்டு இருந்தேன்" என்றார் அக்கா. சீட்டை எடுத்து மகள் மடியில் வைத்தார். "உபதேசியாரு வாசிச்சுக் காட்டுனாரு. இந்தச் சீட்டுல எந்தக் கோவில்ல தாலி கட்டணும்னு போடல."

கல்யாணத்தன்று விடியும் முன்பே அக்காவும் மகளும் தையல்கார அண்ணன் குடும்பமும் பேரையூர் பஸ் ஏறிவிட்டார்கள். நானும் வருகிறேன் என்றேன். "நீ இங்க இரு. இங்க நடக்கப்போறதை நான்தான் பார்க்க முடியாது. நீயாவது பார்த்துட்டு வந்து எனக்குச் சொல்லு" என்றார். அந்த மாதிரி நேரத்தில் அவர் கண்ணில் ஒரு குறும்பு வரும்.

பார்த்தேன். வாசலில் வாழை மரம், தோரணம். மைக் செட்டில் பக்திப் பாட்டு. தலைவர் நான்கு கார்களோடு வந்தார். மாலை இரண்டும் ஒரு தட்டில் தயாராக இருந்தன. பெஞ்சும் பாயும் நிறைந்த கூட்டம். உபதேசியார் அங்கியைப் போட்டுக்கொண்டு நின்றார். பொண்ணையும் காணோம், மாப்பிள்ளை வீட்டாரையும் காணோம் என்று செக்ரட்டரி சாலைக்கும் கோவிலுக்குமாக நடந்தார். அக்கா வீட்டுக்கு ஆள் அனுப்பினார். பூட்டியிருக்கிறது என்று ஆள் வந்து சொன்னான். தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். வியர்வையில் சந்தனம் கரைந்து மூக்கில் இறங்கியது. "பொண்ணு வீடு எங்கண்ணே, மெட்ராசா?" என்று கேட்டார். கூட வந்தவர்கள் சிரித்தார்கள். பிறகு அவர் கேட்கவில்லை, அவர்களும் சிரிக்கவில்லை. கடைசியில் எழுந்தார். இந்த முறை யாரையும் கும்பிடவில்லை. மாலைகள் தட்டிலேயே கிடந்தன.

மறுநாள், பேரையூர்க் கோவிலில் மகள் கல்யாணத்தை முடித்துவிட்டு அக்கா வந்ததும் நான் போய் எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டிருந்தேன். சொல்லி முடிப்பதற்குள் செக்ரட்டரி வந்துவிட்டார். முகம் வெளிறிக் கிடந்தது.

"என்னை நடுத்தெருவுல நிப்பாட்டிட்டீங்களேக்கா! நீங்க சரின்னு சொன்னதாலதானே பத்திரிகை அடிச்சேன், பந்தல் போட்டேன்!"

"நான் எப்ப தம்பி சரின்னு சொன்னேன்?"

"இதே இடத்துல வச்சுக் கேட்டேனே! பேசாம இருந்தீங்களே!"

"இம்புட்டு வருசமா ஒரே கோவில்ல இருக்கோம்" என்றார் அக்கா. குரலை உயர்த்தவில்லை. "நான் பேசாம இருந்தா அதுக்கு என்ன அர்த்தம்னு, போயும் போயும் உங்களுக்கா தம்பி நான் சொல்லிக் குடுக்கணும்?"

செக்ரட்டரி அந்தக் கோபத்தையெல்லாம் சேர்த்து என் பக்கம் திரும்பினார். "நீயும் அங்கதானே உக்காந்திருந்த? பூரா நேரமும் பாத்துக்கிட்டு! ஒனக்குத் தெரியும்ல? ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

ஆண்களுக்கு முன்னால் எனக்குப் பேச்சு வராது. அன்றைக்கு வந்தது.

"கடைசிப் பாயில இருக்கவங்களை என்னைக்குண்ணே நீங்க கேட்டீங்க?" என்றேன்.